நாற்காலி இல்லாத துணிக்கடை

கடை திறந்தாயிற்று. கதவருகே ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் தலைக்கு மேல் ஐந்து இதயங்கள்; பக்கத்தில் ஒரு குமிழுக்குள் சிவப்புப் பாவாடையின் படம். பாவாடையை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார், அவருக்கு நீலச் சட்டை வேண்டும். மூன்றாமவர் ட்ரயல் ரூம் எப்போது காலியாகும் என்று நிற்கிறார். நான்காமவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவையே பார்க்கிறார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இதயங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கடைசி இதயமும் அணைந்தால் ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறுவார்; கூடவே மதிப்பெண்ணும் போய்விடும்.

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் இந்த வகைக்கு ‘டைம் மேனேஜ்மென்ட் கேம்’ என்று பெயர். உணவகம், பேக்கரி, அழகு நிலையம், துணிக்கடை என்று இடம் மாறும், ஆட்டம் மாறாது. துணிக்கடை ஆட்டத்தில் கை தேர்ந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனைகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய். வெறுங்கையோடு நடக்காதே. அவசரக்காரரை முதலில் அனுப்பு, பொறுமைசாலியை உட்கார வைத்துக் காபி கொடு. கையில் காசு வந்ததும் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதே, நல்ல காலணி வாங்கு.

மதுரை விளக்குத்தூண் பக்கமோ சென்னை ரங்கநாதன் தெருவிலோ பத்து வருஷம் துணி எடுத்துப் போட்டவர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார். இந்த விதிகளில் எதுவும் கணினியில் பிறக்கவில்லை. ஜவுளி வியாபாரம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலும் கடைப் பணியாளர்களின் கால்களைச் செலவழித்து, கற்றுக்கொண்ட பாடங்கள் இவை. அவை விளையாட்டாக மாறிய கதை, துணிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பீர் குவளையில் தொடங்குகிறது.

நான்கு மேசை, இரண்டு கை

1983 இல் அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம் ‘டாப்பர்’ என்ற ஆர்கேட் இயந்திரத்தை வெளியிட்டது. திரையில் ஒரு மதுக்கூடம். நான்கு நீள மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் வாடிக்கையாளர்கள் ஒரு முனையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வருவார்கள். பரிமாறுபவர் மேசைக்கு மேசை தாவி, குவளையை நிரப்பி, அவர்களை நோக்கிச் சறுக்கிவிட வேண்டும். காலிக் குவளை திரும்பிச் சறுக்கி வரும். பிடிக்கத் தவறினால் விழுந்து உடையும். ஆளே இல்லாத மேசையில் அவசரப்பட்டு அனுப்பினாலும் உடையும். சிலர் மேசைமேல் டிப்ஸ் வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுக்க ஓடினால் மற்ற மூன்று மேசைகளை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பட்வைசர் பீர் விளம்பரத்தோடு, மதுக்கூடங்களில் வைப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. பிள்ளைகள் கூடும் ஆர்கேட் அரங்குகளுக்காக, அடுத்த ஆண்டே ‘ரூட் பீர் டாப்பர்’ என்று மது இல்லாத பானத்தோடு மறுபடி வந்தது.

விண்கலங்களும் துப்பாக்கிகளும் ஆண்ட காலத்தில் டாப்பர் ஒரு புதுமை. அதில் சுட்டு வீழ்த்த எதிரி கிடையாது. வாடிக்கையாளர்தான் உண்டு, அவருக்குக் கொஞ்சம் தாகம், நிறைய அவசரம். தோற்கிறவன் சாவதில்லை, வேலையில் பிந்திப்போகிறான். வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பயம் அது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு தனிக் குடும்பம் உருவாக இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

2004 இல் ‘டைனர் டேஷ்’ வந்தது. எரிக் சிம்மர்மேனும் பீட்டர் லீயும் 2000 இல் நியூயார்க்கில் தொடங்கிய கேம்லேப் நிறுவனம் உருவாக்கியது. சான் பிரான்சிஸ்கோவின் பிளேஃபர்ஸ்ட் வெளியிட்டது. கதாநாயகி ஃப்ளோ பங்குச் சந்தை அலுவலகத்தில் காகிதக் குவியலுக்கு நடுவே மூச்சு முட்டுகிறவள். ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறாள். ஓடி வந்த வழியில் ஒரு பாழடைந்த உணவகம் கண்ணில் படுகிறது. ‘இனி நானே முதலாளி’ என்று அதை எடுத்து நடத்துகிறாள். அலுவலகத்தில் இருந்ததைவிடப் பத்து மடங்கு வேலை பார்க்கிறாள் என்பது வேறு விஷயம்.

ஃப்ளோவுக்கு இரண்டே கைகள்; ஒரு நேரத்தில் இரண்டு பொருள்களைத்தான் எடுக்க முடியும். இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்துதான் ஆட்டத்தின் சூட்சுமம் எல்லாம் விரிகிறது. வந்தவர்களின் உடை நிறத்துக்கு ஏற்ற இருக்கையில் அமர்த்தினால் கூடுதல் மதிப்பெண். ஒரே வேலையை அடுத்தடுத்துச் செய்தால், அதாவது நாலு மேசையிலும் வரிசையாக ஆர்டர் எடுத்தால், வரிசையாகத் தட்டு எடுத்தால், மதிப்பெண் சங்கிலி போல ஏறிக்கொண்டே போகும். நடுவில் வேறொரு வேலையைத் தொட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு உடனே ஓடுவதுதான் நல்ல சேவை என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடி, சுமாரான மதிப்பெண்ணோடு மூச்சு வாங்குகிறார்கள். பழகியவர்களோ முதல் மேசைக்காரரை வேண்டுமென்றே கொஞ்சம் காக்க வைப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது மேசையும் பில் கேட்கும் நேரம் வரட்டும் என்று நின்று, ஒரே நடையில் மூன்றையும் முடிப்பார்கள். யாரை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்று அறிவதுதான் திறமை. முதியவர்கள் பொறுப்பார்கள், அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

அன்றைய விற்பனை முறையும் இந்த வகைக்குக் கைகொடுத்தது. இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் இலவசம். பிடித்திருந்தால் சுமார் 20 டாலர் கட்டி முழு ஆட்டத்தையும் வாங்கலாம். ஒரு கட்டம் முடியச் சில நிமிடங்களே ஆகும், சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்கிவிடும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நடுவயதுக்காரர்கள். வீடியோ கேம் உலகம் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத வாடிக்கையாளர்கள்.

உணவகத்திலிருந்து துணிக்கடைக்கு

பிறகு வரிசையாக வந்தன. 2006 இல் ‘கேக் மேனியா’: தாத்தா பாட்டியின் பேக்கரி, பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததால் மூடிக்கிடக்க, பேத்தி ஜில் அதை மீட்கிறாள். சம்பாதித்த பணத்தில் அவள் அடுப்பு வாங்கலாம், காத்திருப்பவர்கள் பார்க்கத் தொலைக்காட்சி வாங்கலாம், வேகமாக நடக்கக் காலணி வாங்கலாம். அதே ஆண்டில் எமிலி என்ற பெண்ணின் ‘டெலிஷியஸ்’ வரிசை தொடங்கியது. 2007 இல் ‘சாலிஸ் சலூன்’ அழகு நிலையத்துக்கும், ‘வெட்டிங் டேஷ்’ கல்யாண விருந்துக்கும் போயின. அதே ஆண்டில் டைனர் டேஷைச் செய்த கேம்லேப், ‘ஜோஜோஸ் ஃபேஷன் ஷோ’வில் துணிப் பக்கம் திரும்பியது, மாடல் மேடைக்குப் போவதற்குள் கேட்ட பாணிக்கு உடை பொருத்த வேண்டும். பிளேஃபர்ஸ்டும் ‘டிரஸ் ஷாப் ஹாப்’ என்று ஒரு துணிக்கடை ஆட்டத்தைக் கொண்டுவந்தது.

உணவகத்தில் பழகியவர் துணிக்கடைக்குள் நுழைந்ததும் ஒரு வித்தியாசத்தை உணர்வார். தோசை கேட்டவருக்குத் தோசை வந்தால் விஷயம் முடிந்தது. துணி அப்படி அல்ல. நிறம் சரியாக இருந்தால் அளவு சரியாக இருக்காது, இரண்டும் சரியாக இருந்தாலும் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்கும் அறைகள் இரண்டோ மூன்றோதான். கடையில் எத்தனை அலமாரி வாங்கி அடுக்கினாலும், கடை ஓடும் வேகத்தை அந்த அறைகள்தான் தீர்மானிக்கும். ஆகவே அனுபவசாலிகளின் கண் எப்போதும் ட்ரயல் ரூம் கதவில் இருக்கும். உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்கு முன்பே அடுத்தவரின் துணி கையில் தயாராக இருக்க வேண்டும். அறை ஒரு நொடி காலியாக இருந்தால் அது நஷ்டம். கைவசம் உள்ள பணத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கும் இதுவே விடை: எங்கே வரிசை தேங்குகிறதோ அங்கே.

2008 அக்டோபரில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ‘வாகமாமா ஃபேஷன்: கேர்ள்ஸ் மோட்’ வேறொரு வாசலைத் திறந்தது. ஐரோப்பாவில் அதற்கு ‘ஸ்டைல் பொட்டிக்’ என்று பெயர், வட அமெரிக்காவில் ‘ஸ்டைல் சாவ்வி’. உருவாக்கிய சின் சோஃபியா நிறுவனம், பழைய பெயரில் இருந்தபோது மல்யுத்த விளையாட்டுகளுக்குப் பேர்போனது. அடிதடியில் இருந்தவர்கள் ஜவுளிக்கு வந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உடைகளும் அணிகளும் கொண்ட அந்த ஆட்டத்தில் இதயங்கள் துடிக்கும் அவசரம் இல்லை. வந்தவரின் ரசனை என்ன, மடியில் எவ்வளவு பணம் என்று கேட்டு, பொருத்தமானதை எடுத்துக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம் கொள்முதல். தனக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, கேட்டது இல்லை என்று கைவிரிப்பதுதான் அதில் எல்லாரும் செய்யும் முதல் தவறு. நிஜ ஜவுளிக்கடையிலும் முதலாளியின் மகன் முதல்முறை சூரத்துக்குச் சரக்கு எடுக்கப் போனால் நடப்பது அதுதான்.

விலைச்சீட்டு மிச்சம் பிடித்த நேரம்

இந்த யோசனைகளின் ஊற்றைத் தேடிப் போனால் பாரிஸ் வரும். தொப்பிக்காரரின் மகனான அரிஸ்தித் பூசிக்கோ 1852 இல் ‘போன் மார்ஷே’ கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். அதுவரை துணிக்கடை என்றால் பேரம். ஒரு கெஜத் துணிக்கு அரை மணி நேரப் பேச்சு. உள்ளே நுழைந்தால் வாங்காமல் வெளியே வருவது மரியாதைக் குறைவு. பூசிக்கோவின் கடையில் பொருளின் மேல் விலை எழுதியிருந்தது. யாரும் உள்ளே வரலாம், தொட்டுப் பார்க்கலாம், வாங்காமலும் போகலாம், வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும் அவர் ஒருவரே கண்டுபிடிக்கவில்லை. நிலையான விலை வேறு சில பாரிஸ் கடைகளிலும் முன்பே இருந்தது. அவர் செய்தது இவற்றை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து, சிறு லாபம், வேகமான விற்பனை என்ற கணக்கில் பூட்டியது. விலைச்சீட்டை நேர்மையின் சின்னம் என்று பாராட்டுவார்கள். அது ஒரு கடிகாரமும்கூட. பேரம் போனதும் ஒரு விற்பனையாளர் ஒருவருக்குச் செலவிட்ட நேரத்தில் பலரைக் கவனிக்க முடிந்தது. 1852 இல் ஐந்து லட்சம் பிராங்கைத் தொடாத ஆண்டு விற்பனை, 1863 இல் எழுபது லட்சம் பிராங்காயிற்று.

ஆண்டு முழுவதையும் ஒரே ஆட்டமாகப் பார்க்கும் கண்ணும் அந்தக் கடைக்கு இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரியில் கடை ஈயாடும். அந்த மாதத்துக்கென்றே படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு போன்ற வெள்ளைத் துணிகளின் தள்ளுபடி விற்பனை வந்தது. அதைத் தொடங்கிய பெருமையும் பூசிக்கோவுக்கே தரப்படுகிறது. கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் கூட்டம் சேர்க்க நம் ஊர் ஜவுளிக்கடைகள் கண்ட வழியும் இதே மாதிரிதான். ஆட்டத்தில் வரும் ‘மந்தமான கட்டத்தில் இதயத்தை நிரப்பிக்கொள்’ என்ற யோசனையைக் காலண்டரில் எழுதிவைத்தது போல.

பணம் வாங்கும் இடம் அடுத்த தேக்கம். அமெரிக்காவில் பணத்தையும் பில்லையும் தூக்கிக்கொண்டு காசாளரிடம் ஓடச் சிறுவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். 1880களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸின் லோவல் நகரக் கடைக்காரர் வில்லியம் லாம்சன், உள்ளே குடைந்த மரப்பந்தில் பணத்தை வைத்து, தலைக்கு மேல் சரிவான தண்டவாளத்தில் உருட்டிவிடும் ஏற்பாட்டைச் செய்தார். பந்து காசாளரிடம் போய், மீதிச் சில்லறையோடு உருண்டு திரும்பும். பிறகு காற்றழுத்தக் குழாய்கள் வந்தன. விற்பவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் அடுத்த துணியை விரிக்கலாம். நம் ஊரில் ஒரு கவுன்ட்டரில் பில், ஒரு கவுன்ட்டரில் பணம், ஒரு கவுன்ட்டரில் பை என்று பிரித்தது அதே சிக்கலுக்கு வேறொரு விடை. இதில் நடப்பது வாங்குபவர்.

யாருடைய கால்

இத்தனை நேரமும் மிச்சம் பிடிக்கப்பட்டது, ஆனால் நின்று விற்பவர்களுக்கு அதில் ஒரு நொடியும் போய்ச் சேரவில்லை. எமில் ஸோலா 1882 இல் போன் மார்ஷே, லூவ்ர் ஆகிய பெருங்கடைகளில் சுற்றிக் குறிப்பெடுத்து, 1883 இல் ‘ஓ போனர் தே தாம்’ என்ற நாவலை வெளியிட்டார். கிராமத்திலிருந்து வந்து விற்பனைப் பெண்ணாகச் சேரும் தெனீஸ் அதில் அனுபவிக்கும் வேதனைகளில் ஒன்று கால்வலி. கனத்த பழைய செருப்பு பாதத்தைக் கடிக்கிறது; லேசானது வாங்கக் காசில்லை; நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது. கேக் மேனியாவில் ஜில் வாங்கும் காலணியின் அருமை தெனீஸுக்குத் தெரிந்திருக்கும்.

லண்டன் பேஸ்வாட்டரில் வில்லியம் வைட்லி 1863 இல் தொடங்கிப் பெருங்கடையாக வளர்த்த இடத்தில், பணியாளர்கள் கடை விடுதியிலேயே தங்கினார்கள். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை, வாரம் ஆறு நாள். கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் 176. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று பிரிட்டன் 1886 இல் சட்டம் செய்தபோது, அது சலுகையாகப் பார்க்கப்பட்டது என்றால் மீதியை ஊகிக்கலாம். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் சிறுவயதில் சவுத்சீயின் துணிக்கடையில் பயிற்சிப் பையனாக அல்லல்பட்டவர். அந்த வாழ்க்கை 1905 இல் வந்த ‘கிப்ஸ்’ நாவலாயிற்று.

பதினான்கு வயதில் ஹோவ் நகரத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் போண்ட்ஃபீல்ட், 1890களில் லண்டன் கடைகளில் வேலை தேடுபவராக நுழைந்து நிலைமையை உள்ளிருந்து ஆய்வு செய்தார். இரவில் விடுதியில் மற்றவர்கள் தூங்கிய பின் ஒளித்து ஒளித்து எழுதினார். 1929 இல் அவர் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சர். துறை, தொழிலாளர் நலம். இடையில் 1899 இல் ஒரு சிறு சட்டம் நிறைவேறியிருந்தது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொரு மூன்று பெண்களுக்கும் ஓர் இருக்கை இருக்க வேண்டும் என்றது அது.

அதே நாற்காலி தமிழ்நாட்டுக்கு வந்துசேர மேலும் 122 ஆண்டுகள் ஆயின. 2010 இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ ரங்கநாதன் தெருவின் பளபளப்புக்குப் பின்னால் இருந்த விடுதியையும் நின்றே கழியும் நாளையும் திரையில் காட்டியது. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018 இல் தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில், 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. 22-அ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. நாள் முழுக்க நிற்க வேண்டிய நிலை பணியாளர்களுக்கு இருக்கக்கூடாது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாருக்கும் ஏற்ற இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம்.

இதயம் இடம் மாறியது

ஃப்ளோவின் உலகமும் இதற்குள் மாறிவிட்டது. கேம்லேப் 2009 இல் மூடியது. பிளேஃபர்ஸ்டை 2014 இல் குளூ மொபைல் வாங்கியது. உலாவியில் ஆடிய எண்ணற்ற துணிக்கடை ஆட்டங்களைத் தாங்கி நின்ற ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவு நின்றது. 20 டாலர் கட்டி வாங்கிய ஆட்டங்களின் இடத்தை, இலவசமாகக் கைப்பேசியில் இறங்குபவை பிடித்துக்கொண்டன. அவற்றில் பலவற்றில் சில கட்டங்கள் தோற்றால் ஆட்டம் நின்றுவிடும். மறுபடி ஆட அரை மணி காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். வாடிக்கையாளரின் தலைக்கு மேல் இருந்த இதயம் இப்போது ஆடுபவரின் கணக்கில் தொங்குகிறது. இந்த ஆட்டங்களில் தேர்ந்தவர்களின் புதிய யோசனை ஒன்று உண்டு: காத்திருக்கச் சொன்னால் காத்திரு, காசு கட்டாதே. யாரை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்று கணக்குப் போடுவது இப்போது ஆட்டத்தை விற்கும் கடைக்காரரின் முறை.

மாறாதது கடைக்குள் வாங்கிப் போடும் பொருள்களின் பட்டியல். வேகமான காலணி, காபி இயந்திரம், இன்னொரு ட்ரயல் ரூம், காத்திருப்பவர்களுக்கு மெத்தை வைத்த சோபா. இரவு கதவில் ‘மூடப்பட்டது’ பலகை விழுகிறது. உள்ளே இருக்கும் கடைசி இரண்டு பேரை முடித்து அனுப்ப வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அவர்களும் போனபின் அன்றைய வசூல் திரையில் ஓடுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சிரித்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். சோபா காலியாக இருக்கிறது.